சேர்ந்தோரும் முடித்தோரும்: தொழிற்பயிற்சி நிலையங்களில் இடைவிலகல் பற்றி ஒரு நோக்கு

தொழிற்பயிற்சி நிலையமொன்றின் சான்றிதழ் வழங்கும் வைபவத்துக்குச் சென்றிருப்போர் அதன் ஒழுங்கை நன்கறிவர். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, பங்குத்தந்தையின் ஆசியுரை, பிரதேச செயலாளரின் உரை. பின்னர் வெள்ளைச் சேட் அணிந்த இளைஞர்களும் சேலையுடுத்த யுவதிகளும் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து சான்றிதழைப் பெற்றுக்கொள்வர். இத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினர், இத்தனை பேர் சித்தியடைந்தனர் என்று பொறுப்பாளர் தமது அறிக்கையை வாசிப்பார். மண்டபத்தில் கைதட்டல் எழும். அம்மேடைகளில் பலமுறை அமர்ந்திருக்கிறோம். பயிற்சி ஆரம்பித்த நாளில் எத்தனை பேர் வந்திருந்தனர் என்று ஒருவராவது கேட்டதாக எமக்கு நினைவில்லை. நாமும் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கியது மிகவும் பிந்தியே. அதுவும் ஒரு மல்ரி மீற்றரின் காரணமாக.

எமது பொறுப்பில் இருந்த நிலையமொன்றில் கரையோரக் கிராமத்து இளைஞர் ஒருவர் மின்னிணைப்புப் பயிற்சி பெற்றுவந்தார். படிப்பில் சுமார், கைவேலையில் கெட்டிக்காரர். ஏழாம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. இடாப்பில் இரண்டு கிழமைக்கு அவர் பெயருக்கு நேரே வெற்றிடம். அதன்பின் சிவப்பு மையால் ஒரு கோடு. காலாண்டு முடிவில் தயாரான விலகியோர் பட்டியலில் அவருடைய காரணம் "ஆர்வமின்மை" என எழுதப்பட்டிருந்தது. அப்பட்டியலின் அடியில் உள்ள கையொப்பம் எம்முடையது.

சில மாதங்களின் பின்னர் ஒரு செத்தவீட்டில் அவரைக் கண்டோம். மீன் லொறியொன்றில் ஐஸ் ஏற்றும் வேலை செய்வதாகச் சொன்னார். "ஏன் தம்பி, இடையில விட்டனீர்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மீற்றர் எரிஞ்சு போச்சு, பாதர்" என்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் போதனாசிரியரிடம் கேளாமலே மல்ரி மீற்றரை வீட்டுக்குக் கொண்டுசென்றிருக்கிறார். அயல்வீட்டு இணைப்பொன்றைப் பார்க்கும்போது பிழையான நிலையில் வைத்து அளந்ததால் அது பழுதாகிவிட்டது. புதிதாக வாங்கிக் கொடுக்கக் காசில்லை. பொலிசில் முறையிடுவார்கள் என்ற பயம் வேறு. "வந்து சொல்லியிருக்கலாமே" என்றோம். "நீங்கள் ஆராவது வருவியள் எண்டு ரெண்டு கிழமை பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார்.

அந்த மீற்றரின் விலை, ஏழு மாதங்களாக அவருக்காக நிலையம் செலவிட்டதோடு ஒப்பிட்டால் அற்பமானது. நாம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் திரும்பி வரவில்லை. எமது பழைய பட்டியல்களை எடுத்து, "ஆர்வமின்மை" என்று எழுதப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எதை எண்ணுகிறோம்?

இடைவிலகலைப் பற்றிப் பேசுமுன் எண்ணும் முறையைச் சீர்செய்துகொள்ள வேண்டும். ஓர் உதாரணத்தை நாமே ஆக்கிக்கொள்வோம். தை மாதத்தில் 40 பேர் ஒரு பயிற்சிக்குச் சேர்கின்றனர். முதல் மாத முடிவில் எஞ்சியிருப்போர் 32 பேர். ஆறாம் மாதத்தில் 24 பேர். வேலைத்தளப் பயிற்சிக்குச் செல்வோர் 22 பேர். அதை முடித்து இறுதி மதிப்பீட்டுக்கு வருவோர் 18 பேர். தேர்ச்சி பெறுவோர் 17 பேர்.

இனி அறிக்கை எழுதுவோம். மதிப்பீட்டுக்கு வந்த 18 பேரில் 17 பேர் தேர்ச்சி என்றால் 94 வீதம். முதல் மாதத்தில் விலகியோர் "உண்மையான மாணவர்கள் அல்ல" என்று நீக்கிவிட்டு 32 பேரிலிருந்து கணித்தால் 53 வீதம். வாசலில் காலடி வைத்த 40 பேரையும் எண்ணினால் 42.5 வீதம். வகுப்பு ஒன்றே, வீதங்கள் மூன்று. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் முதலாவதை மட்டும் அச்சிட்டு நன்கொடையாளருக்கு அனுப்பும் நிலையம் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிறது.

எனவே கணிப்புக்கு அடிப்படையாக ஓர் அணியை எடுக்க வேண்டும். அணி என்பது ஒரே தொடக்க நாளில் பெயர் பதிந்தோர் அனைவரும். அவர்களுள் எவரையும் பின்னர் நீக்கக் கூடாது. இடையில் புதிதாக வந்தவரை அவ்வணியில் சேர்க்கவும் கூடாது. வெற்றிடத்தை நிரப்ப இரண்டாம் மாதத்தில் ஐந்து பேரைச் சேர்த்து, "இப்போதும் 37 பேர் இருக்கின்றனர்" என்று சொல்வது நாட்டில் பரவலான வழக்கம். கதிரைகள் நிரம்பியிருப்பது உண்மை. எழுந்து போனவர் யார் என்பதுதான் மறைந்துவிடுகிறது.

எவ்வளவு காலத்துக்குள் முடித்தால் முடித்ததாகக் கொள்வது என்பதும் கேள்வியே. ஐக்கிய அமெரிக்காவில் 1990ல் இயற்றப்பட்ட சட்டமொன்று, தொழிற்கல்லூரிகள் உட்பட உயர்கல்வி நிறுவனங்கள் தமது நிறைவு வீதத்தை மாணவருக்கு வெளியிட வேண்டும் என்று விதித்தது. அங்கு பாடநெறியின் வழமையான காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் முடித்தோர் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். இவ்வளவுகோல் எமக்கும் பொருந்தும். ஆறு மாதப் பயிற்சிக்கு ஒன்பது மாதம், ஒரு வருடப் பயிற்சிக்கு 18 மாதம் என வைத்துக்கொண்டால், சுகவீனத்தால் பிந்தியவரும் மதிப்பீட்டாளர் வருவதற்குத் தாமதித்ததால் பிந்தியவரும் தோல்வியாகக் கணிக்கப்படமாட்டார்கள். அந்த முறையில் குறையும் உண்டு. ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றில் சேர்ந்து வெற்றிகரமாக முடித்தவரும் முதலாவது கல்லூரியின் கணக்கில் முடிக்காதவராகவே நிற்பார். எமது பிள்ளைகளில் எங்கள் தச்சுவேலை வகுப்பை விட்டுக் கிளிநொச்சியில் 2016ல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்குப் போனவர் ஒருவர் இருப்பாரானால், அவருக்காக நாம் கவலைப்படத் தேவையில்லை. வேறாக எழுதிவைத்தால் போதும்.

எண்ணிக்கை வியாபாரப் பொருளாகும்போது என்ன நடக்கும் என்பதற்கும் அந்நாட்டிலேயே பாடம் உண்டு. கொரிந்தியன் கல்லூரிகள் என்ற பெயரில் (அப்போஸ்தலரின் திருமுகங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) இலாப நோக்கில் நடந்த பெரிய தொழிற்கல்லூரி வலையமைப்பொன்று 2015ல் மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், பயிற்சி முடித்தோரின் வேலைவாய்ப்பு வீதத்தைத் திரித்துக் காட்டியமைக்காக அதன் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 3 கோடி டொலர் தண்டம் விதிக்க அரசாங்கம் தீர்மானித்திருந்தது. மாணவர்களோ கடன் பெற்றுக் கட்டணம் செலுத்தியவர்கள். எமது நிலையங்கள் இலாபத்துக்காக நடப்பவை அல்ல. ஆயினும் அடுத்த வருட உதவி இவ்வருட வீதத்தில் தங்கியிருக்கும்போது பேனா எந்தப் பக்கம் சாயும் என்பது எமக்குத் தெரியாததல்ல.

நாட்டின் ஒழுங்கு

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தனியார் நிலையங்களும் சமய நிறுவனங்கள் நடத்தும் நிலையங்களும் அதில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். 1995ல் தொழிற்பயிற்சி அதிகாரசபை தனிச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்த தேசிய தொழிற்றகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று அழைப்பது, ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். எமது கிராமிய நிலையங்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் மட்டங்களுக்கே பயிற்றுகின்றன.

இங்கு பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. நிலையம் பதிவுசெய்யப்பட்டிருப்பது வேறு, அதன் குறித்த பயிற்சிநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. அங்கீகாரம் இல்லாத நெறியைப் பிள்ளை ஒருநாளும் தவறாமல் வந்து முடித்தாலும் அவர் கைக்குக் கிடைப்பது நிலையத்தின் சொந்தக் கடதாசி மட்டுமே. அவர் என்.வி.கியூ. பெற வேறுவழி தேட வேண்டும். இதைச் சேரும் நாளில் சொல்லாமல் எட்டாம் மாதத்தில் சொன்னால் பிள்ளைகள் கலைந்து போவது இயல்பு. அதை இடைவிலகல் என்று அழைப்பது அநியாயம்.

யார், எப்போது, ஏன்?

ஏன் விலகினார்கள் என்று கேட்பதற்கு முன் எப்போது விலகினார்கள் என்று கேட்பது பயன் தரும். திகதிகள் பேசும். பழைய இடாப்புகளை மேசையில் விரித்து, ஒவ்வொருவரும் கடைசியாக வந்த நாளை ஒரு நாட்காட்டியில் புள்ளியிட்டுப் பார்த்தோம். புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. சில இடங்களில் குவிந்திருந்தன.

முதற் குவியல் முதல் மூன்று கிழமைக்குள். இவர்களில் பலர் தமக்கு விருப்பமில்லாத தொழிலில் அமர்த்தப்பட்டவர்கள். மோட்டார் திருத்தும் வகுப்பை நாடி வந்த பையனிடம் "அதில் இடமில்லை, மேசன் வேலையில் இருக்கு" என்று சொல்லிப் பெயர் பதிந்திருக்கிறோம். பெண்பிள்ளை என்றதும் விசாரியாமலே தையல் வகுப்பைக் காட்டியிருக்கிறோம். சிலவேளை தெரிவு செய்தது தகப்பன். சிலவேளை, சொல்ல வெட்கம், பங்குத்தந்தையின் சிபார்சுக் கடிதம். இதற்கு மருந்து எளிது. பெயர் பதிவதற்கு முன் இரண்டு கிழமை எல்லாப் பட்டறைகளிலும் மாறிமாறி இருந்து பார்க்க விட வேண்டும். தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தவனுக்கே அது தன் கைக்குரியதா என்பது தெரியும்.

அக்குவியலுக்குள்ளேயே இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் காத்திருப்போர். க.பொ.த. சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வந்து இருப்பவர்கள். பெறுபேறு நல்லதாயின் மறுநாள் வரமாட்டார்கள். இவர்கள் மீது கோபிப்பதில் அர்த்தமில்லை. அவர்களுக்கென்று மூன்று மாதக் குறுகிய நெறி வைத்திருந்தால் ஒரு வருட வகுப்பில் இடமெடுத்திருக்க மாட்டார்கள். பாடசாலைக்குள்ளேயே தொழிற்பாடங்களைக் கொண்டுவரும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017ல் 42 பாடசாலைகளில் ஆரம்பமாகியது. அது எட்டாத கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம்.

இரண்டாவது குவியல் பருவகாலங்களோடு பொருந்தியது. வன்னியில் காலபோக நெல் தையிலிருந்து பங்குனி வரை வெட்டப்படும். இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது, ஆகவே பையன்கள் தேவையில்லை என்று நினைப்போர் வீதியோரத்தில் நெல் காய்வதைப் பார்க்காதவர்கள். அதைக் கிளறவும், மழை இருட்டினால் அள்ளவும், இரவில் காவல் இருக்கவும் ஆள் வேண்டும். கரையோரத்தில் காற்று மாறும்போது தொழிலும் மாறும். சில குடும்பங்கள் வாடியமைத்து வேறு கரைக்குப் போகும். இப்படிப் போனவர் விலகியவர் அல்லர். மூன்று கிழமை வராதவர். ஆனால் எமது விதிப்படி பதினான்கு நாள் வராவிட்டால் பெயர் வெட்டப்படும். திரும்பி வந்து வாசலில் நின்ற ஒருவருக்கு "உம்மட பேர் வெட்டியாச்சு" என்று அலுவலகத்தில் சொன்னதை எமது காதாலேயே கேட்டிருக்கிறோம். நாட்காட்டியை வயலுக்கும் கடலுக்கும் ஏற்றவாறு அமைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மடுவின் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் விடுமுறை விடுகிறோம், சூடடிப்புக்கு விட்டாலென்ன?

மூன்றாவது எமக்கு வியப்பளித்தது. கைவேலையிலிருந்து பாடத்துக்கு மாறும் கிழமைகளில் சிலர் மறைந்திருந்தனர். மேசன் வகுப்பில் சீமெந்தும் மணலும் ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கு, தையலில் அங்குலத்தின் எட்டில் ஐந்து, மின்னிணைப்பில் ஓமின் விதி. பாடசாலையில் கணிதத்தால் அவமானப்பட்டு வெளியேறிய பிள்ளை அதே கரும்பலகையை இங்கும் காண்கிறது. உடம்பு வேலைக்கு அஞ்சாதவன் சோக்குக்கட்டிக்கு அஞ்சி ஓடுகிறான். அவன் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டான்; "வீட்டில வேலை" என்பான். இதற்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கொண்டு கிழமைக்கு இருநாள் அளவுகணக்கு கற்பித்தோம். கரும்பலகையில் அல்ல, பட்டறையில், மட்டக்கோலையும் அளவு நாடாவையும் கையில் கொடுத்து. எமது முயற்சிகளுள் மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலனைத் தந்தது இதுவே என்பது எமது அபிப்பிராயம்.

பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவர். நாம் சுருக்கமாகச் சொல்வோம். பயிற்சி இலவசம் என்கிறோம். ஆனால் மேசனுக்குக் கையாளாகப் போனால் அன்றைக்கே கிடைக்கும் கூலியை ஒரு வருடம் இழப்பதே அந்தப் பிள்ளை எமக்குச் செலுத்தும் கட்டணம். 2022ன் நெருக்கடியில் எரிபொருள் இன்றி பஸ்கள் நின்றபோதும், பொருட்களின் விலை ஏறியபோதும் இது எல்லோருக்கும் விளங்கியது. அவ்வருடத்தில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டைவிட்டு வெளியேறினர். எமது பயிலுநரும் பலர் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றனர். இன்னும் நான்கு மாதம் பொறுத்துச் சான்றிதழோடு போனால் தொழிலாளியாகப் போகலாம், இப்போதே போனால் கையாளாகத்தான் போகலாம் என்று விளங்கப்படுத்தினோம். சிலர் கேட்டனர். கடன்காரர் படலையில் நிற்கும் வீட்டில் நான்கு மாதம் நீண்ட காலம்.

பெண்பிள்ளைகளின் விலகலை இடாப்பிலிருந்து அறிய முடியாது. தாய் மத்திய கிழக்கில் இருக்கும் வீட்டில் மூத்த மகள்தான் தாய். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் நடக்க வேண்டிய இரண்டு மைல் தூரம் இன்னொன்று. நிலையத்தின் மலசலகூடத்துக்குப் பூட்டில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்ததை ஓர் அருட்சகோதரி சென்று பேசிய பின்னரே அறிந்தோம். எம்மிடம் அதை எந்தப் பிள்ளையும் சொல்லியிராது. பூட்டு அன்றே போடப்பட்டது. அதற்கு முன் எத்தனை பேர் அந்தப் பூட்டின் பொருட்டுப் போயினர் என்பதை எப்படி எண்ணுவது?

வேலைத்தளப் பயிற்சி

நடுவில் நின்றுபிடித்தவர்களையும் நாம் இழக்கும் இடம் இது. பட்டறை முதலாளி ஒருவரிடம் சில மாதங்களுக்கு அனுப்புகிறோம். திறமையானவனாயின் முதலாளி அவனை விட மனமின்றி ஒரு சிறு சம்பளத்தைக் கொடுத்து வைத்துக்கொள்கிறார். மதிப்பீட்டு நாளில் "அண்டைக்கு அவசர வேலை" என்கிறார். திறமை குறைந்தவனாயின் தேநீர் வாங்கவும் பட்டறை கூட்டவும் வைத்திருக்கிறார்; அவன் வெறுத்து வீட்டுக்குப் போகிறான்.

இதை முதன்முதலில் கண்டவர்கள் நாமல்ல. இத்தாலியின் ரூரின் நகரில் புனித தொன் பொஸ்கோ தம்மிடமிருந்த இளைஞர்களைப் பட்டறைகளுக்கு அனுப்பியபோது, முதலாளியோடு எழுத்தில் உடன்படிக்கை செய்தார். 1852ல் ஒரு தச்சுப் பயிலுநருக்காக அவர் செய்த உடன்படிக்கை இன்றும் பேணப்படுகிறது. பையனைத் தொழிலுக்குப் புறம்பான வேலைகளில் ஈடுபடுத்தலாகாது, பிழை செய்தால் வாயால் மட்டுமே திருத்த வேண்டும், ஞாயிறும் திருநாட்களும் ஓய்வு என்பன அதன் சாரம். மறுபக்கத்தில் பையனின் நடத்தைக்குத் தொன் பொஸ்கோ பொறுப்பு நின்றார். 1853ல் அவர் சொந்தப் பட்டறைகளை ஆரம்பித்ததற்கு, வெளியே போன பிள்ளைகள் பட்ட பாடும் ஒரு காரணம்.

நாம் எமது முதலாளிமாருடன் ஒரு பக்க உடன்படிக்கை எழுதிக்கொள்கிறோம். தமிழில், ஒரு சத்தியக் கடதாசிக்குரிய மிடுக்கில்லாமல். மதிப்பீட்டுத் திகதிக்குச் சம்பளத்தோடு விடுப்பு, போதனாசிரியர் மாதம் ஒருமுறை வந்து பார்க்க அனுமதி, இவை இரண்டும் அதில் கட்டாயம். எல்லா முதலாளிமாரும் கையொப்பமிடுவதில்லை. கையொப்பமிடாதவரிடம் பிள்ளையை அனுப்புவதில்லை என்ற தீர்மானத்தில் நிற்பதுதான் கஷ்டம். அவரே ஊரில் பெரிய பட்டறை வைத்திருப்பவராகவும் கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போடுபவராகவும் இருந்தால் இன்னும் கஷ்டம்.

மதிப்பீட்டைத் தவறவிட்டவருக்குக் கதவு முற்றாக மூடப்படுவதில்லை. வேலை செய்து அனுபவம் பெற்றபின், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையூடாக முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. பெற முடியும். சில அலகுகளில் மாத்திரம் தேர்ச்சி பெற்றவர் அவற்றுக்குரிய பதிவைக் கேட்டுப் பெறலாம். விலகிச் செல்லும் பிள்ளையிடம் இவ்விரண்டையும் சொல்லி, அவரது பயிற்சிப் பதிவேட்டின் பிரதியைக் கையில் கொடுத்தனுப்புவது நிலையத்தின் கடமை. எமது நிலையத்தில் அப்பதிவேடுகள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன.

தெரிவு என்னும் சோதனை

நிறைவு வீதத்தை உயர்த்த ஒரு குறுக்குவழி உண்டு. சாதாரண தரத்தில் ஆறு பாடச் சித்தி, வதிவிடம் ஐந்து மைலுக்குள், பெற்றோர் இருவரும் வீட்டில் என்று நிபந்தனை விதித்துவிட்டால் அடுத்த வருடமே 90 வீதத்தை எட்டிவிடலாம். போதனாசிரியர் ஒன்றும் புதிதாகச் செய்யத் தேவையில்லை. நன்கொடையாளரும் மகிழ்வர். ஆனால் அவர்கள் நாம் இல்லாவிட்டாலும் எங்காவது படித்து முடிக்கக்கூடியவர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்காகத்தானே மறைமாவட்டம் அந்தக் காணியைத் தந்தது?

எமது ஊழியர் கூட்டத்தில் இது பற்றிக் கடும் வாக்குவாதம் நடந்தது. "தகுதியில்லாதவனைச் சேர்த்து இடையில் விட்டுவிடச் செய்வது அவனுக்கு இரண்டாம் அவமானம் இல்லையா, பாதர்?" என்று மூத்த போதனாசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழைகளைச் சேர்க்கிறோம் என்ற திருப்தியில் அவர்கள் போவதைக் கவனியாதிருப்பதும் ஒரு பாவமே. நாம் கண்ட வழி, கணக்கை இரண்டாக வைப்பது. சாதாரண தரம் சித்தியடைந்து வந்தோருக்கு ஒரு நிறைவு வீதம். அடையாது வந்தோருக்கு வேறொரு வீதம். இரண்டாவது வீதம் வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா என்பதிலேயே நிலையத்தின் உழைப்புத் தெரியும். நன்கொடையாளருக்கும் இரண்டையும் அனுப்பினோம். விளக்கம் கேட்டு நீண்ட கடிதமொன்று வந்தது, உதவி நிற்கவில்லை.

மூன்று நாள் விதி

வின்சென்ட் ரின்ரோ என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1975லும், பின்னர் 1987ல் நூல் வடிவிலும், கல்லூரியை விட்டு விலகுவோர் பற்றி எழுதினார். விலகுபவர் அறிவிற் குறைந்தவர் என்று கொள்ளலாகாது. ஆசிரியரோடும் சகமாணவரோடும் அவருக்குப் பிணைப்பு ஏற்பட்டதா என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் மையம். அவர் மனதில் வைத்திருந்தவை பெரும்பாலும் மாணவர் தங்கிப் படிக்கும் கல்லூரிகள். நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோகும் எமது பிள்ளையை வீட்டு நிலைமை இன்னும் பலமாக இழுக்கும். ஆயினும் மீற்றரை எரித்த அந்த இளைஞரை நினைக்கும்போது ரின்ரோ சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே தோன்றுகிறது. அவருக்கு நிலையத்தில் ஒரு மேசை இருந்தது, ஒரு இலக்கம் இருந்தது. போய்ச் சொல்லக்கூடிய ஒரு மனிதர் இருக்கவில்லை.

காணாமற்போன ஆட்டின் உவமையைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறோம். நூறில் ஒன்று குறைகிறது என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அவன் மாலையில் எண்ணியிருக்கிறான்.

எமது நிலையத்தில் இப்போது உள்ள விதி இதுதான். தொடர்ந்து மூன்று நாள் வராதவரின் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் போக வேண்டும். போதனாசிரியரோ, உபதேசியாரோ, அதே ஊர் சகபயிலுநரோ போகலாம். பங்குத்தந்தை கடைசியாகத்தான், அவர் படலையில் நின்றால் வீட்டார் கதிரை தேடுவார்கள், உண்மை சொல்லமாட்டார்கள். போனவர் "ஏன் வரேல்லை?" என்று விசாரணை வைக்கக் கூடாது. "மூண்டு நாளாக் காணேல்லை, சுகமோ எண்டு பாக்க வந்தனான்" என்றால் போதும். திரும்பி வந்து ஒரு கொப்பியில் மூன்று வரி எழுத வேண்டும்: கடைசியாக வந்த நாள், அந்த வாரத்தில் வகுப்பில் நடந்தது என்ன, வீட்டில் கண்டது என்ன. "ஆர்வமின்மை" என்ற சொல் அக்கொப்பியில் எழுதப்படலாகாது என்று முதற் பக்கத்திலேயே குறித்துவிட்டோம். கருவி பழுதானால் குற்றம் கேளாமல் பதிந்துகொள்ள இன்னொரு கொப்பி பட்டறை வாசலில் தொங்குகிறது. அதில் பதியப்படுபவற்றில் அரைவாசி எமது கருவிகள் பழையவை என்பதையே காட்டுகின்றன.

இவ்விதிக்குச் செலவு உண்டு: மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், போதனாசிரியரின் பின்னேரங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தலைப்பு இல்லாததால் ஆரம்பத்தில் "இதர செலவு" என்று எழுதினோம். இப்போது "வீடு தரிசிப்பு" என்று தனியாக எழுதுகிறோம்.

இக்கட்டுரையைத் தமது ஊழியர் குழுவில் வாசிப்போர் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு வருடங்களுக்கு முன் சேர்ந்த ஓர் அணியின் இடாப்பை எடுங்கள். முதல் நாளில் பெயர் பதிந்த அனைவரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே கடைசியாக வந்த திகதியையும், இன்று அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். அலுவலகக் கோப்பைப் பாராமல், ஒருவருக்கொருவர் கேட்டு எழுதுங்கள். எத்தனை பெயருக்கு நேரே ஒருவராலும் ஒன்றும் எழுத முடியவில்லை என்பதை எண்ணுங்கள். அந்தப் பெயர்களை ஊர் வாரியாகப் பிரித்து, அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் யார் எந்த ஊருக்குப் போவது என்று அக்கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.